கதவில் நசுங்கிய விரல்

ஓடுகிறோம். என் வலது கையைப் பிடித்தபடி மகள் கயல். ஆறு வயது. முன்னால் என் கணவர் யோகன், அவர் தோளில் என் அம்மா. செவ்வாய்க்கிழமை. காலை ஏழேகால். தொலைவில் ஒரு 'டும்'. பிறகு தலைக்கு மேல் கூவல். அது விழுமுன் வழக்கமாகப் பத்து எண்ணலாம். அன்று ஏழுவரைதான் எண்ணினேன்.

"குப்புறப் படுங்கோ!" யோகன் கத்தினார்.

படுத்தேன். மண் மூடியது. எழுந்தபோது உள்ளங்கை கிழிந்திருந்தது. கயலின் கை அதில் இல்லை.

கூடார ஆஸ்பத்திரியில் வலி தெரியாமலிருக்கப் போடும் விறைப்பு ஊசி தீர்ந்துவிட்டது. ஒரு தாதி தோலைத் தைத்தாள். உள்ளே என்ன அறுந்தது என்று பார்க்க யாருக்கும் நேரமில்லை. காயம் ஆறியது. சுட்டுவிரல் மடங்கியபடியே நின்றுவிட்டது.

முள்வேலி முகாமில் ஒரு சிப்பாய் அந்த விரலைப் பிடித்து இழுத்தான். "துவக்குப் பிடிச்சுச் சுட்ட விரல்தானே?" பதினொரு நாள் இதே கேள்வி. கதவில் நசுங்கியது என்றேன். படகேறி இங்கே தமிழ்நாட்டுக்கு வந்தபின் நடந்த விசாரணையிலும் அதையே சொன்னேன். பொள்ளாச்சிப் பக்கத்து முகாமில், கயிறு ஆலையில், யார் கேட்டாலும் அதே கதவு.

போன வருடம் மடங்கிய விரல் இரண்டு முறை இயந்திரத்தில் சிக்கப் பார்த்தது. கூட வேலை செய்யும் சரசு என்னைக் கோயம்புத்தூருக்கு இழுத்துப் போனாள்.

கை அறுவை மருத்துவர் எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்தார். எலும்பருகே வெள்ளையாய் ஒரு புள்ளி.

"ஏனுங்கம்மா, கதவுல நசுங்குச்சுன்னு சொன்னீங்க. இரும்புத் துண்டு எப்படிங்க உள்ள வந்துச்சு?"

பழகிய பதில் வரவில்லை. "செல் துண்டு, டொக்டர். யுத்தத்தில வெடிச்ச குண்டு" என்றேன். யாரும் என்னை விசாரணைக்குக் கூட்டிப் போகவில்லை. "இத்தன வருசம் உட்டுப்போட்டீங்களேம்மா" என்று மட்டும் சொன்னார் அவர்.

"எங்கிட்டக்கூடச் சொல்லுலியே, அம்மணி." சரசு அழுதாள்.

அறுவை அறை. கையில் வலி மட்டும் தெரியாதபடி ஊசி போட்டார்கள். தழும்போடு ஒட்டிக் கிடந்த தசைநாரை மருத்துவர் பிரித்தார். இரும்புத் துண்டு கிண்ணத்தில் விழுந்தது. 'டிங்'. என் உடம்பு துள்ளியது.

"ஒண்ணுமில்லீங்கம்மா. இப்ப வெரல நீட்டுங்க."

முக்கால்வாசி நீண்டது. அவர் சிரித்தார். எனக்கு ஆத்திரம் வந்தது. ஒரு காலைப்பொழுதில் முடிகிற வேலை. அதற்கு இத்தனை வருடம் பயந்திருக்கிறேன்.

ஆறு வாரம் பயிற்சி. இப்போது குவளையைப் பிடிக்கிறேன். நுனி மூட்டு மட்டும் அசையாது.

ஆஸ்பத்திரித் தாளில் எழுதினார்கள்: பழைய செல் காயம், வலது சுட்டுவிரல். அந்தத் தாளில் விரலுக்கு மட்டும்தான் இடமிருந்தது. மீதியை நான் எழுதுகிறேன்.

மகள் கயல். செல் விழுந்த அதே இடத்தில். கணவர் யோகன். பத்தடி தள்ளி. அம்மா. இரண்டு நாள் கழித்து, தண்ணீர் கேட்டபடி. தம்பி ரூபன். முள்வேலி முகாம் வாசலில் சிப்பாய்கள் பேருந்தில் ஏற்றினார்கள். இறங்கியதைப் பார்த்தவர் இல்லை.

நான்கு பேர். கயலை மட்டும்தான் புதைக்க முடிந்தது. இடது கையால் தோண்டினேன்.