மூக்கே சாட்சி

...அதான் சார், அதையேதான் நானும் கேட்டேன். என் மூஞ்சியைப் பாத்தா சிகரெட் பிடிக்கிறவ மாதிரியா இருக்குன்னு. அதுக்கு அந்த வெள்ளைச் சட்டை ஆபீசர் என்ன சொன்னாரு தெரியுமா? "மூஞ்சியைப் பாத்து நாங்க முடிவு பண்றதில்லம்மா"ங்கறாரு! அடேயப்பா, என்ன ஒரு நியாயம்! மூஞ்சியைப் பாக்க மாட்டாராம். மூக்கை மட்டும் நம்புவாராம்!

உக்காருங்க சார், ஏன் எந்திரிக்கிறீங்க? தீத் தடுப்பு வகுப்பு இன்னும் ஆரம்பிக்கல. நாற்காலி சின்னதா இருக்கா, முழங்கால் வலிக்குதா? எனக்கும்தான் முழங்கால் மோவாயில இடிக்குது. குழந்தைங்க விளையாடுற ரூம்ல கொண்டுவந்து உக்கார வச்சா வேற எப்படி இருக்கும்? கப்பலோட பெரிய அரங்கத்துல ஏதோ மேஜிக் ஷோவாம். அதனால பால்கனியில சிகரெட் பிடிச்சு மாட்டின குத்தவாளிங்க எல்லாம் இங்க, செவுத்துல வரைஞ்ச யானைக்கும் ஒட்டகச்சிவிங்கிக்கும் நடுவுல. பாருங்களேன், அந்தக் கறுப்புக் கண்ணாடி அம்மாவை, பச்சை நாற்காலியில எவ்வளவு கம்பீரமா உக்காந்திருக்காங்க! அந்தப் பக்கம் புது மாப்பிள்ளை. பொண்டாட்டிக்குத் தெரியாம பிடிச்சிருக்கான், இப்போ கப்பலுக்கே தெரிஞ்சுபோச்சு. அவ வாசல்ல நின்னு முறைக்கிற முறைப்புல இவன் இன்னொண்ணு பத்த வைக்காம இருந்தா அதிசயம். அந்தத் தாடிக்காரர் வந்ததுலேர்ந்து ஒரே பாட்டு, "அது சிகரெட்டே இல்ல, பேட்டரிக் குழாய், வெறும் ஆவி"ன்னு. ஆவியாம்! பால்கனியில குக்கர் வச்சிருந்தாரு போல.

இவங்களுக்கு நடுவுல நான்! சட்டம் படிக்கிறவ சார். பேச்சுப் போட்டின்னா எங்க காலேஜ்ல எனக்கு எதிர்ல நிக்க ஆளைத் தேடிப் பிடிக்கணும். பஸ் ஸ்டாப்ல எவனாவது சிகரெட்டை வாயில வச்சாலே, நெருப்புப் பெட்டியை எடுக்கறதுக்கு முன்னால நான் வாயைத் திறந்துடுவேன். அப்படிப்பட்டவளை இங்க... சரி சரி, மெதுவாப் பேசறேன்.

இருமல் போகவே மாட்டேங்குதே உங்களுக்கு. புதினா மிட்டாய் இருக்கு, இந்தாங்க. எடுத்துக்கங்க, கூச்சப்படாதீங்க.

முதல்லேர்ந்து சொல்றேன், நீங்களே தீர்ப்பு சொல்லுங்க. எங்கண்ணன் போட்ட டிக்கெட் சார் இது, அம்மாவுக்கும் எனக்கும். அவன் மொதல்ல உள்பக்க ரூம்தான் போட்டான், சன்னல் கிடையாது. அம்மா ஒரே பேச்சுல முடிச்சுட்டாங்க. "சன்னலில்லாத ரூமுன்னா நான் வரலப்பா, அதுக்குள்ள இருந்துதானே இத்தனை வருஷம் தேய்ச்சேன்"னாங்க. துணி தைக்கிற கம்பெனியில தேய்க்கிற வேலை சார் அம்மாவுக்கு. தரைக்குக் கீழ ரூம். நீராவி, டியூப்லைட், ஒரே ஒரு ஃபேன், அதுவும் சூப்பர்வைசரைப் பாத்து திரும்பியிருக்கும். வெளிய வெயிலா மழையான்னு வீட்டுக்குக் கிளம்பறப்போதான் தெரியும். சரின்னு அண்ணன் பால்கனி ரூமா மாத்திக் குடுத்தான். கப்பல்ல ஏறினதும் அம்மா என்ன பண்ணாங்க? செருப்பைக் கழட்டினாங்க, நேரா பால்கனிக்குப் போனாங்க, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. அவ்வளவுதான். நீச்சல் குளமா, வேணாம். பாட்டுக் கச்சேரியா, நீ போயிட்டு வா. சாப்பாட்டைக்கூட தட்டுல வாங்கிட்டு வந்து அங்கதான். "அப்படி என்னம்மா பாக்குற, வெறும் தண்ணிதானே"ன்னேன். "ஒண்ணும் பாக்கலடி. சும்மா உக்காந்திருக்கேன், உனக்கென்ன"ன்னாங்க. அம்மா சும்மா உக்காந்து நான் பாத்ததே இல்ல சார். அதான்... அதை விடுங்க.

அன்னைக்கே சாயந்திரம் வந்தது பாருங்க புகை! பக்கத்து பால்கனியிலேர்ந்து. நடுவுல தடுப்பு இருக்கறதால ஆள் யாருன்னு தெரியல. தெரிஞ்சதெல்லாம் கம்பிக்கு வெளிய நீட்டின ஒரு கையும், ஒரு இருமலும்தான். நான் அவருக்கு செங்கல் சூளைன்னு பேரு வச்சுட்டேன். எப்பவும் புகைஞ்சுக்கிட்டே இருக்குமே, அது! ஏன் சார், மிட்டாய் தொண்டையில சிக்கிடுச்சா? மெதுவா, மெதுவா.

விடுவேனா? தடுப்பைப் பாத்து நின்னு பேச ஆரம்பிச்சேன். "ஐயா, பால்கனியில பிடிக்கக்கூடாதுன்னு கதவுலயே ஒட்டியிருக்கு, படிக்கத் தெரியும்தானே? வீட்டுல தீப்பிடிச்சா தெருவுக்கு ஓடலாம், கப்பல்ல தீப்பிடிச்சா எங்க ஓடறது? கணகணன்னு இருக்கிற சிகரெட் துண்டு காத்துல பறந்து கீழ் பால்கனியில காயற டவல் மேல விழுந்தா யாரு பொறுப்பு?" அப்படி இப்படின்னு, பொழுது சாயற வரைக்கும். அந்தப் பக்கம் மூச்சு பேச்சில்ல. எதிரணி பதில் சொல்லலைன்னா என்ன அர்த்தம்? ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம்!

ஆனா மறுநாள் காலையில பாத்தா, காத்துல அவரோட சாம்பல் கிண்ணம் கவுந்திருக்கு போல, தடுப்புக்கு அடியில ஒரு சந்து இருக்கே, அது வழியா அத்தனை சிகரெட் துண்டும் எங்க பக்கம் வந்து கெடக்கு. அம்மா துடைப்பத்தைத் தேடினாங்க. "நிறுத்தும்மா! அது ஆதாரம்!"னு ஒரு கத்து கத்தினேன் பாருங்க, அம்மா நாற்காலியோட ஆடிப்போயிட்டாங்க. ஒண்ணு விடாம பொறுக்கி, பல் தேய்க்கிற டம்ளர்ல போட்டு, பால்கனி மூலையில, அம்மா நாற்காலிக்குப் பின்னால பத்திரமா வச்சேன். ரூமுக்குள்ள வைக்க முடியாதில்ல, நாறும். சுத்தம் பண்ற அண்ணன் எடுத்துக் கொட்ட வந்தாரு. "தொட்டீங்கன்னா சாட்சியத்தை அழிச்ச குத்தம் உங்க மேல வரும்"னேன். மனுஷன் அதுக்கப்புறம் எங்க ரூமுக்கு டவல்ல அன்னப்பறவை மடிச்சு வைக்கிறதையே நிறுத்திட்டாரு. பக்கத்து ரூமுக்கெல்லாம் அன்னம், மயிலு. எங்களுக்கு வெறும் டவல். பழி வாங்கறாங்க சார், நியாயம் கேக்கிறவங்களை எல்லா இடத்துலயும் பழி வாங்கத்தான் செய்றாங்க.

சரி, சூளை அடங்குச்சா? எங்க அடங்கறது! அதுக்கப்புறம் கையும் தெரியல, இருமலும் கேக்கல. ஆனா நாத்தம் மட்டும் நாளுக்கு நாள் ஏறுது! எவ்வளவு கைதேர்ந்த ஆளு பாருங்க, சத்தமே இல்லாம பிடிக்கிறாரு! அம்மாவே மூக்கைப் பொத்திக்கிட்டு உக்காந்திருந்தாங்க. கப்பல் ஆபீசுக்குத் தினமும் காலையில போய் புகார், சாயந்திரம் போய் புகார். அவங்க ஒரே பல்லவி: "கண்ணால பாத்தீங்களாம்மா?" கண்ணால பாக்கலைன்னா குத்தமே நடக்கலையா? இது என்ன வாதம்?

அப்போதான் கேப்டன் பயணிகளைச் சந்திக்கிற கூட்டம் வந்துச்சு. நீங்க வந்தீங்களா? வரலையா, நல்ல கூட்டத்தை விட்டுட்டீங்க. எல்லாரும் எழுந்து என்ன கேட்டாங்க தெரியுமா? "கேப்டன் சார், நீங்க இங்க இருக்கீங்களே, கப்பலை யாரு ஓட்டறா?"ன்னு கேட்டாங்க, சிரிச்சாங்க. நான் மைக்கை வாங்கினேன். "கண்ணு மட்டும்தான் சாட்சியா? மூக்கு சாட்சி இல்லையா? எந்த பால்கனியில நாத்தம் வருதோ அந்தக் கதவைப் பூட்டுங்க. விளக்கமெல்லாம் அப்புறம் கேளுங்க!"ன்னேன். அம்மாடி, கைத்தட்டுன்னா கைத்தட்டு! கேப்டன் எழுந்து நின்னு, "இந்தப் பொண்ணு சொல்றது சரி, இன்னைலேர்ந்து அப்படியே செய்வோம்"னாரு. எனக்குக் கால் தரையில இல்ல.

மறுநாள் இந்த வெள்ளைச் சட்டை வந்தாரு. பால்கனிக்குப் போனாரு, மூக்கை உறிஞ்சினாரு. சூளைப் பக்கம் திரும்புவாருன்னு நான் கையைக் கட்டிக்கிட்டு நிக்கறேன். அவரு குனிஞ்சு அம்மா நாற்காலிக்குப் பின்னாலேர்ந்து டம்ளரைத் தூக்கறாரு! அதுல கடல் சாரல் விழுந்து விழுந்து, துண்டெல்லாம் ஊறி, கருங்காப்பி மாதிரி நிக்குது. "சார், அது ஆதாரம்!"னேன். "ஆமாம்மா, ஆதாரம்தான்"னாரு. பால்கனிக் கதவைப் பூட்டி சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டாரு.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தா, "விளக்கம் அப்புறம்"ங்கறாரு. என் வார்த்தையை எனக்கே திருப்பிக் குடுக்கறாரு சார்!

என்ன விதின்னா, பிடிச்சது உண்மைன்னு ஒத்துக்கிட்டு, இந்தத் தீத் தடுப்பு வகுப்புல உக்காந்தா இன்னைக்கே கதவைத் திறந்துடுவாங்க. இல்ல, நான் பிடிக்கலைன்னு மறுத்தா, விசாரணை. விசாரணை எப்போ? கப்பல் கரைக்குப் போனதுக்கப்புறம்! அதுவரைக்கும் கதவு பூட்டினது பூட்டினதுதான். இருக்கறதே ரெண்டு நாளு. நான் விசாரணைக்குத்தான் போவேன். பிடிக்காததைப் பிடிச்சேன்னு சொல்ல நான் என்ன பைத்தியமா? இங்கயும் எழுந்து நின்னு அதைத்தான் சொல்லப் போறேன். குறிப்பெல்லாம் மனசுல தயாரா இருக்கு.

அம்மாவா? அம்மா ஒண்ணும் சொல்லல சார். அதான் எரிச்சலா இருக்கு. நல்லா நாலு திட்டு திட்டினா நானும் நாலு பேசலாம். நாற்காலியைக் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் போட்டுக்கிட்டு உக்காந்துட்டாங்க. நேத்து முழுக்க டவலை நனைச்சு கண்ணாடியைத் துடைக்கிறாங்க. "உப்பு படிஞ்சிருக்குடி, அதான் மங்கலா இருக்கு"ங்கறாங்க. உப்பு அந்தப் பக்கம் இருக்கு சார். இந்தப் பக்கம் எவ்வளவு தேய்ச்சாலும் எப்படிப் போகும்? காலையில கிளம்பறப்போ ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க. "ஆமான்னு சொல்லிட்டு வாயேன்டி, வாய் என்ன தேஞ்சா போயிடும்"னு. "என்னைப் பொய் சொல்லச் சொல்றியா?"ன்னு கத்திட்டு வந்துட்டேன்.

எல்லாம் அந்தச் சூளையாலதான். அந்த ஆளு மட்டும் ஒரு நாள் என் எதுக்கால வந்து நிக்கட்டும்...

என்ன? என்ன சொன்னீங்க? முதல் நாள் மட்டும்தானா? யாரு? யாரு முதல் நாள் மட்டும்...

நீங்களா?

ஐயோ.

பக்கத்து ரூமா? நீங்க பக்கத்து... இல்ல சார், சூளைன்னு சொன்னது ஒரு... ஒரு உவமைக்காக... மிட்டாய் இன்னொண்ணு வேணுமா?

இருங்க, இருங்க. முதல் நாளோட நிறுத்திட்டீங்களா? நான் பேசினதைக் கேட்டுட்டா? அன்னைலேர்ந்து மேல் தளத்துல, பின்னால பிடிக்கிறதுக்குன்னு ஒதுக்கின மூலை இருக்கே, அங்க போயா? அந்த முழங்காலை வச்சுக்கிட்டு அத்தனை படியும் ஏறியா? அப்போ அதுக்கப்புறம் வந்த நாத்தம்? தினமும் ஏறிக்கிட்டே வந்துச்சே, அது யாரோட...

...டம்ளர்.

என் டம்ளர்.

அது அந்தச் சந்து வழியா உங்க பக்கமும்... உங்க கதவையும் பூட்டிட்டாங்களா? என் டம்ளர் நாத்தத்துக்கா? சார், நீங்க இதை மறுக்கணும்! நான் சாட்சி சொல்றேன், கேப்டன் வரைக்கும் போகலாம், நாம ரெண்டு பேரும் சேந்து ஒரு மனு... என்ன, ஒத்துக்கப் போறீங்களா? பிடிக்காததுக்கா? எதுக்கு சார்? ...ஓ. வீட்டுக்காரம்மாவோடயா? இருக்கிற ரெண்டு நாளும், பால்கனி பூட்டின ரூமுக்குள்ள, "அன்னைக்கே சொன்னேனே, அன்னைக்கே சொன்னேனே"ன்னு... சரிதான். புரியுது. அது தண்டனைக்கு மேல தண்டனைதான்.

வந்துட்டாரு. வெள்ளைச் சட்டை. நீங்க உக்காருங்க, உங்களைக் கூப்பிடட்டும். என்ன, என் ரூம் நம்பரா மொதல்ல? நான்தான் சார், நான்தான். எந்திரிச்சுட்டேன்.

மதிப்புக்குரிய ஆபீசர் அவர்களே, இந்த விஷயத்துல மூணு சட்டப் பிரச்சினை இருக்கு. முதலாவது, ஒரு பொருள் ஓரிடத்துல இருக்குங்கறதாலேயே...

...இல்ல சார். நேரமில்லைன்னு தெரியுது சார். ஆமா, கதவு... இப்போ ஒத்துக்கிட்டா, இப்பவே ஆள் அனுப்பித் திறப்பீங்களா? இப்பவேன்னா, எங்கம்மா அங்கதான் உக்காந்திருக்காங்க, அவங்க முன்னாலயே திறக்கணும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் துடைச்சும் குடுக்கணும். சரியா?

அப்போ சரி. ஆமா சார். நான்தான் பிடிச்சேன்.

எல்லாரும் ஏன் திரும்பிப் பாக்கறீங்க? பிடிச்சேன்னு சொன்னா நம்ப மாட்டீங்களா? நல்லாப் பிடிச்சேன்! அம்மா இல்ல சார், அவங்களுக்கு எதுவும் தெரியாது, நான் மட்டும்தான். எத்தனை நாளாவா? அது... ரொம்ப நாளா. சின்ன வயசுலேர்ந்து! ஐயோ, அவ்வளவு சின்ன வயசுலேர்ந்து இல்ல. எழுதிக்கங்க, பிடிச்சேன்னு எழுதிக்கங்க.

எந்த சிகரெட்டா? பேரா? பேரு எதுக்கு சார் உங்களுக்கு? ஓ, எல்லார்கிட்டயும் கேக்கிறதா... சொல்றேன், சொல்றேன். நாக்குலயே நிக்குது...

சார். சார்! இந்தப் பக்கம், உங்களைத்தான். சீக்கிரம் சொல்லுங்க... நான் என்ன சிகரெட் பிடிக்கிறேன்?