ஆமை கதையில் எருமை

— டீச்சர், நேராவே கேக்குறேன், தப்பா எடுத்துக்காதீங்க. அந்த ஆப்ல ஏதோ கோளாறு இருக்கு. எம் பொண்ணு வாசிப்புக்கு எப்பப் பாத்தாலும் பத்துக்கு மூணு, நாலு. தினமும் நான் பக்கத்துலயே உக்காந்து சொல்லிக்குடுத்தும் இந்த லட்சணம்னா எப்படி?

— முதல்ல உக்காருங்க சார். அண்ணாந்து பாத்துப் பேசினா எனக்குக் கழுத்து வலிக்குது. பெஞ்ச் கொஞ்சம் குட்டையா இருக்கும், மூணாம் கிளாஸ் பிள்ளைங்களோடது.

— பரவால்ல டீச்சர். நான் லிஃப்ட் மெக்கானிக், இதைவிட இடுக்குல எல்லாம் உக்காந்திருக்கேன். நேராவே சொல்றேன், லிஃப்ட் மாடி தள்ளி நின்னா உள்ள இருக்குறவங்களைக் குத்தம் சொல்ல முடியுமா? சென்சாரைத்தான் பாக்கணும். இதுலயும் மைக் சரியில்ல, இல்லன்னா ஆப் சரியில்ல.

— அப்போ உங்க பொண்ணு நல்லாத்தான் வாசிக்கிறாங்கிறீங்க?

— அது வந்து... அவளும் கொஞ்சம் மந்தம்தான். ரெண்டு வரி வாசிக்கிறதுக்குள்ள முழி பிதுங்குது. வாய்க்குள்ளயே முணுமுணுக்கிறா. இங்கயும் அப்படித்தானே?

— இங்க கடகடன்னு வாசிப்பா சார். கடைசி பெஞ்ச் வரைக்கும் கேக்கும். அதனாலதான் உங்களை வரச் சொன்னேன்.

— கடகடன்னா? எங்க சிட்டுவா?

— வீட்ல சிட்டுன்னா கூப்பிடுவீங்க?

— ம்... கோவம் இல்லாதப்போ.

— சரி, டேப்லெட் கொண்டு வந்திருக்கீங்களா?

— இதோ. ஞாயித்துக்கிழமைகூட லீவு போடாம வேலை பாத்து வாங்கினது டீச்சர்.

— அதுல ஆமை பாடத்தைத் திறங்க. பிள்ளை வாசிக்க வாசிக்க, ஆப் தன் காதுல விழுறதை அப்படியே எழுதிக்கிட்டே போகும். பாடத்துல இல்லாத வார்த்தையை சிவப்புல காட்டும். ஒவ்வொரு சிவப்புக்கும் மார்க் குறையும், சரிங்களா? இப்போ அது எழுதி வெச்சிருக்கிறதை வாசிங்க.

— "ஒரு ஆமை மெதுவாக எருமை ஆற்றங்கரைக்கு வந்தது..." பாத்தீங்களா! ஆமை கதையில எருமை எங்கேர்ந்து வந்துச்சு? நான் வந்ததும் வராததுமா சொன்னேன்ல, கோளாறுன்னு!

— மேல வாசிங்க சார்.

— "தண்ணீர் எத்தனை தடவை தெளிவாக சொல்றது இருந்தது கண்ணு என்ன பொடனியிலயா..."

— ஏன் நிறுத்திட்டீங்க?

— டீச்சர்... இது நான் பேசினது.

— ஆமா சார். எருமையை ஓட்டிட்டு வந்தது நீங்கதான். மைக் ரொம்ப நல்லா வேலை செய்யுது. பக்கத்துல யார் பேசினாலும் அதுக்கு உங்க பொண்ணு பேசின மாதிரிதான். நீங்க திட்டினது பூரா அவ தப்பா ஏறிடுது.

— அடக் கடவுளே.

— மார்க் குறைஞ்சதும் என்ன செய்வீங்க?

— இன்னும் கத்துவேன்.

— அப்போ மார்க்?

— இன்னும் குறையும். போதும் டீச்சர், புரிஞ்சுபோச்சு.

— குரலும் பதிவாகியிருக்கு. கொஞ்சம் கேளுங்க.

— வேணாம்.

— கொஞ்ச நேரம்தான் சார். அந்த முக்கோணத்தைத் தொடுங்க.

— நிறுத்துங்க. எப்படி நிறுத்துறது இதை? எங்க அமுக்கணும்? நிறுத்துங்க டீச்சர், வெளியில யாராவது கேட்டுடப்போறாங்க!

— யாரும் இல்ல. உங்க பொண்ணும் மைதானத்துல விளையாடிட்டு இருக்கா. நடுவுல டமால்னு ஒரு சத்தம் வந்துச்சே?

— மேஜை டீச்சர். சத்தியமா மேஜைதான். அவமேல இதுவரைக்கும் கை வெச்சதில்ல.

— அந்தச் சத்தத்துக்கு அப்புறம் அவ குரலே எழும்பல.

— நானும் கேட்டேன். இப்பதான் கேட்டேன். பக்கத்துலயே உக்காந்திருந்தும் அன்னைக்குக் கேக்கல பாருங்க. லிஃப்ட்ல யாராவது மாட்டிக்கிட்டா முதல்ல என்னைத்தான் கூப்பிடுவாங்க, தெரியுமா? கதவுக்கு வெளியில நின்னு, "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் இருக்கேன், இதோ திறந்திடலாம்"னு பேசிக்கிட்டே இருப்பேன். யாரோ முகம் தெரியாதவங்களுக்கு அந்தக் குரல். பெத்த பிள்ளைக்கு இந்தக் குரல். வெக்கமா இருக்கு டீச்சர். மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெச்சுக்குறதுன்னு தெரியல.

— எனக்கும் வெக்கம்தான் சார். இத்தனை நாளா சிவப்பை மட்டும் பாத்துட்டு "இன்னும் முயற்சி தேவை"ன்னு எழுதி அனுப்பிட்டிருந்தேன். போன வாரம்தான் குரலைப் போட்டுக் கேட்டேன். அதுக்கப்புறம் பழசு எல்லாத்தையும் கேட்டேன்.

— எல்லாத்தையுமா? அப்போ என் வண்டவாளம் பூரா... இந்த ஆப் வீட்ல நடக்கிறதை எல்லாம் அதுவா உங்களுக்கு அனுப்பிடுமா?

— இல்லவே இல்ல. அதுவா எதையும் அனுப்பாது. ஒரே பாடத்தைப் பிள்ளை எத்தனை தடவை வேணும்னாலும் வாசிச்சுப் பதிவு பண்ணலாம். எல்லாம் டேப்லெட்லயே இருக்கும். அதுல எது பிடிச்சிருக்கோ அந்த ஒண்ணை மட்டும் பிள்ளைதான் எனக்கு அனுப்பணும். திரையைக் கொஞ்சம் மேல தள்ளுங்க, அனுப்பாததெல்லாம் கீழ வரும்.

— இது என்ன, ஒரே பச்சையா இருக்கு? அதே ஆமை பாடம். பத்துக்குப் பத்து. இதுவும் பத்து. யார் வாசிச்சது இதெல்லாம்?

— வேற யாரு? நேரத்தைப் பாருங்க.

— நான் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி. அவங்கம்மாவும் அந்நேரம் கடையில இருப்பா. தனியா உக்காந்து வாசிச்சிருக்கா. ஒரு எழுத்துகூட சிவப்பு இல்லையே டீச்சர். இதைப் போய் மந்தம்னு சொன்னேனே, இந்த வாயாலயே சொன்னேனே.

— தண்ணி குடிங்க சார்.

— வேணாம். கையில பத்தை வெச்சுக்கிட்டா மூணை அனுப்பியிருக்கா? அதுவும் எல்லா பாடத்துக்கும்? விளங்கிடுச்சு. என்னை உங்ககிட்ட மாட்டிவிடத்தான். வாயைத் திறந்து சொல்ல பயம். அதான் அப்பன் பேசுறதை அப்பன் குரல்லயே போட்டு அனுப்பிட்டா. நேராவே சொல்றேன், அவ செஞ்சது சரி. ஒரு வார்த்தை கேக்க மாட்டேன் அவளை.

— நானும் அப்படித்தான் நெனச்சேன் சார். அதனால நேத்து அவளைத் தனியாக் கூப்பிட்டு விசாரிச்சேன். "அப்பா திட்டுறதை டீச்சர் கேக்கணும்னுதான் இதை அனுப்புறியாம்மா? பயப்படாம சொல்லு"ன்னு.

— என்ன சொன்னா?

— யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டா. அதான் யோசிக்கிறேன்.

— சொல்லுங்க டீச்சர். என்ன சொல்லியிருந்தாலும் எனக்கு வேணும்.

— "அப்பா பாவம் டீச்சர், களைச்சுப்போய் வந்தும் எனக்காக உக்கார்றாரு. அவர் இல்லாமலே நான் நல்லா வாசிப்பேன்னு தெரிஞ்சா அழுதுடுவாரு. அதான் அவர் சொல்லிக்குடுத்ததை அனுப்புறேன்"னு சொன்னா சார்.