நாற்பது நொடிப் பதிவு

எழுநூற்று இருபது மணி நேரம், அதாவது முப்பது நாள். எங்கள் கார் நிறுத்துமிடத்தில் கேமரா பதிவுகள் அவ்வளவு காலம்தான் இருக்கும். பிறகு அவற்றின் மேலேயே புதிய பதிவுகள் ஏறிவிடும். யாரும் எதையும் அழிக்க வேண்டியதில்லை.

நான் இயற்பியல் படித்தவள். எனக்கு அதிகம் பேச வராது. திரைகளைப் பார்ப்பது என் வேலை. வாக்கிடாக்கியில் பேசுவது மேற்பார்வையாளர் வேலை. "நம்ம ஊமைக்கோட்டான் வாயைத் திறந்தா அன்னிக்கு மழைதான்" என்பார்.

கீழ்த்தளத்தில் பின்னோக்கி வந்த ஒரு கார், ஒரு மனிதரைத் தூணோடு சேர்த்து இடித்துவிட்டுப் போனது. ரோந்து வந்த காவலாளி கண்டபோது அவருக்கு உயிர் இல்லை. போலீஸ் கேட்டதும் கார் வந்துபோன நாற்பது நொடிகளை வெட்டிக் கொடுத்தேன். தேவைக்கு மேல் ஒரு நொடியும் கொடுக்கக் கூடாது என்பது விதி. காரோட்டி பிடிபட்டார்.

எட்டாம் நாள் இறந்தவரின் மனைவி வந்தார். மிச்சப் பதிவையும் பார்க்க வேண்டும் என்றார். அதில் மற்றவர்களின் முகங்களும் வண்டி எண்களும் இருக்கும், அது அவர்களுடைய அந்தரங்கம் என்று பொறுமையாக விளக்கினேன். படிவம் கொடுத்தேன். அங்கேயே நிரப்பித் தந்தார். பதிவில் இருப்பவர்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று திருப்பிக் கொடுத்தேன்.

"அவருதான் போயிட்டாரேம்மா."

அப்படியென்றால் வாரிசுச் சான்றிதழ் வேண்டும் என்றேன். அது கிடைக்க மூன்று வாரத்துக்கு மேல் ஆகும் என்று எனக்குத் தெரியும். முப்பத்தோராம் நாள் கொண்டுவந்தார். பதிவு இல்லை. அவர் சத்தம் போடவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு கண்ணு. உடனே உயிர் போயிடுச்சா, இல்ல கிடந்து தவிச்சாரா?"

"உடனேதான்க்கா. அவருக்குத் தெரிஞ்சே இருக்காது."

என் கையைப் பிடித்துக்கொண்டார். என்னால் ஒருவருக்கு நிம்மதி கிடைத்தது. உங்கள் விசாரணை அறிக்கையில் அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பது விதியைப் பற்றி அல்ல என்று புரிகிறது. கார் அவரை இடித்தபோது மேற்பார்வையாளர் சாப்பிடப் போயிருந்தார். வாக்கிடாக்கி மேசைமேல் இருந்தது. அதில் பேசினால் எல்லாத் தளத்துக் காவலாளிகளுக்கும் என் குரல் கேட்கும். அவர் வரட்டும் என்று இருந்தேன்.

அந்த மனிதர் இருபத்தாறு நிமிடம் உயிரோடு இருந்தார். கேமராவைப் பார்த்துக் கையை அசைத்தார். நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.