சிவப்பு வட்டத்துக்குள்ள பதினேழு

…"சின்னக் குழந்தைகூடப் பண்ணிடும் மேடம்"னாரு! அப்ப ஒரு குழந்தையையும் கூடவே அனுப்பியிருக்கணுமா இல்லையா, நீங்களே சொல்லுங்க! ஆ… தலையை ஆட்டாதீங்கம்மா, டை காதுல வழியும். இன்னும் முப்பத்தஞ்சு நிமிஷம் ஊறணும். அதுவரைக்கும் நீங்க எங்கயும் போக முடியாது, நானும் விடப்போறதில்ல. எங்க விட்டேன்? ஆங், நம்ம கடை வெப்சைட்டு.

அதைப் பண்ணிக்குடுத்தவர் ஒரு மணி நேரம் இதோ இந்த ஸ்டூல்ல உக்கார்ந்து பாடம் எடுத்தாரு. இங்க அழுத்தினா எழுதலாம், அங்க அழுத்தினா படம் போடலாம், கோடிங்கே தெரிய வேணாம்னாரு. எனக்குக் கோடிங் தெரியாதுதான். அவர் சொன்ன மத்ததும் தெரியலையே! பிளாக்காம், விட்ஜெட்டாம், பிளகின்னாம்… நானும் பெரிய மேதை மாதிரி ம், ம்னு மண்டையை ஆட்டினேன். அவரும் நம்பிப் போயிட்டாரு, பாவம்.

முதல் பக்கத்துல ஏதோ புரியாத பாஷையில பத்து வரி இருந்துச்சு. படிச்சவங்க யாரோ முடியைப் பத்தி எழுதியிருக்காங்கன்னு மரியாதையா விட்டுவச்சேன். மூணு மாசம்! அப்புறம்தான் தெரியுது, சும்மா இடம் நிரப்பப் போட்டதாம் அது. அதுக்குக் கீழ "எங்கள் குழு"ன்னு அஞ்சு பேர் பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கறாங்க. யாருன்னு எனக்கும் தெரியாது, எப்படி எடுக்கறதுன்னும் தெரியாது. போன வாரம் ஒரு அம்மா வந்து, "அந்த உயரமான தாடிக்காரர் இல்லையா?"ன்னு கேக்கறாங்க. லீவுன்னு சொல்லிட்டேன். வேற என்னத்தைச் சொல்ல?

அப்புறம் ஹோம்னு ஒரு பக்கம். இது கடைதானே, இதுல வீடு எதுக்குன்னு தூக்கிட்டேன். மொத்தமும் வெள்ளை வெளேர்னு போச்சு! மறுபடி கொண்டுவர ரெண்டு நாள். சிரிக்காதீங்க, சிரிச்சா நெத்தியில இறங்கும்.

இதெல்லாம்கூடப் பரவாயில்லம்மா. இதோ, லேப்டாப்பை உங்க பக்கம் திருப்பறேன், நீங்களே பாருங்க. இடது பக்கம் சிவப்பா ஒரு வட்டம், உள்ள ஒரு நம்பர்… தெரியுதா? நான் பண்ற தப்பையெல்லாம் எண்ணுதும்மா அது! ஆரம்பத்துல ரெண்டுதான் இருந்துச்சு. இப்ப பதினேழு! என் மாமியார்கூட இப்படி உக்கார்ந்து எண்ணினதில்ல. நான் அந்தப் பக்கமே போறதில்ல. தொட்டா ஒவ்வொண்ணுக்கும் விளக்கம் கேக்கும், யாரால முடியும்?

அவ இருந்திருந்தா எனக்கு இந்தத் தலைவலியே இல்ல. என் தங்கச்சி. அந்த ரெண்டாவது நாற்காலி அவளோடதுதான். பன்னெண்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துல நின்னு வெட்டினோம். அவ கத்திரி பேசும், என் வாய் பேசும்… அப்படி ஒரு ஜோடி. எட்டு மாசம் முன்னாடி ஒரு பொண்ணுக்கு நெத்தி முடியைக் கொஞ்சம் ஏத்தி வெட்டிட்டா. கொஞ்சம்தான். நான் என்ன பண்ணேன்… அந்தப் பொண்ணு முன்னாடியே அவ கையிலேர்ந்து கத்திரியைப் பிடுங்கி, நானே மிச்சத்தை வெட்டினேன். அவ ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டினா, போயிட்டா.

எனக்கு மூக்குக்கு மேல கோவம். அவ நம்பரை பிளாக் பண்ணிட்டேன். பண்ணிட்டு, கூப்பிடுவா கூப்பிடுவான்னு பாக்கறேன், ஒரு போன்கூட வரல! என்ன திமிர் பாத்தீங்களா!

…எதுக்கு அப்படிப் பாக்கறீங்க?

சரி, நானும் கல்லு இல்ல. அதுக்காக மூத்தவ நானா போய்க் கூப்பிட முடியுமா? அதான் வெப்சைட்ல போட்டேன். "எங்கள் கடையில் இரண்டாவது நாற்காலி காலியாக உள்ளது. பழகிய கைக்கு முன்னுரிமை." அவளுக்குப் புரியும். நான் அதுல என்னென்ன கூத்து பண்றேன்னு அவ தினம் திறந்து பாப்பா, எனக்குத் தெரியும். நானும் தினம் அந்தப் பக்கத்துக்குக் கீழ போய்ப் பாத்தேன். பதில்னு ஒரு புள்ளிகூட இல்ல. ஆறு மாசம்மா! கூடப் பொறந்தவளுக்கு ஒரு வரி எழுத நேரமில்ல, அவ்வளவு பெரிய மனுஷி ஆயிட்டாங்க.

போதும்னு நானும் முடிவு பண்ணிட்டேன். அடுத்த தெரு முடிதிருத்தறவர் நாலு மணிக்கு ஆளோட வந்து அந்த நாற்காலியைத் தூக்கிட்டுப் போறாரு. போகட்டும். இடமாவது…

என்னம்மா, துணிக்குள்ளேர்ந்து கையை நீட்டறீங்க? தண்ணி வேணுமா? அய்யோ, அங்க தொடாதீங்க! சிவப்பைத் தொடாதீங்கம்மா! …தொட்டுட்டீங்களே! போச்சு, பதினெட்டு ஆகப்போகுது…

என்ன இது, வரிசையா விரியுது? "ஞாயிற்றுக்கிழமை கடை உண்டா?" "பெண் குழந்தைக்கு முடி வெட்டுவீர்களா?" இதெல்லாம் யாரு… ஆளுங்க எழுதினதா? நான் சரின்னு அழுத்தினாத்தான் வெளிய தெரியுமா? யாரு அப்படி வச்சது? யாரு… …நான்தான். நான்தான்மா சொன்னேன். கண்டவங்க கண்டதை எழுதுவாங்க, என்னைக் கேக்காம ஒரு எழுத்து வரக் கூடாதுன்னு. அவரும் சரி மேடம்னாரு.

நில்லுங்க. கீழ தள்ளாதீங்க. பேர் போடற இடத்துல "வாலு"ன்னு இருக்கே? அவளை நான் மட்டும்தான் அப்படிக் கூப்பிடுவேன்.

"அக்கா, பழகிய கைன்னா என் கைதானே? உனக்குப் போன் போகமாட்டேங்குது. இங்கேயே பதில் போடு, வந்துடறேன்." …இது நான் போட்ட அன்னைக்கே.

"அக்கா, நான் எழுதினது வரவே இல்ல. அழிச்சுட்டியா?"

"பிறந்த நாள் வாழ்த்துக்கா. இதையும் அழிச்சுடு."

இன்னும் இருக்கா? நீங்க படிங்க, எனக்குக் கண்ணு… டை நெடி. "வெளியூர்ல ஒரு கடையில ஒண்ணாந்தேதி வந்து சேரச் சொல்றாங்க. நீ ஒரு வார்த்தை சொன்னா நான் போகமாட்டேன். சொல்லலைன்னா, இனிமே எழுதமாட்டேன்."

ஒண்ணாந்தேதி என்னைக்கு? நாளைக்கா? நாளைக்காம்மா!

இந்த பிளாக்கை எங்க எடுக்கறது? இந்தாங்க போனு, நீங்களே எடுங்க. உங்க டை கிடக்கட்டும், ஊறினா நல்லாத்தான் பிடிக்கும்… வாசல்ல யாரு? நாலு ஆயிடுச்சா? சார், சார், அதுல கையை வைக்காதீங்க! நாற்காலி விக்கறதுக்கில்ல! ஆமா, நேத்து சொன்னேன், அந்த நேத்து வேற. போயிட்டு வாங்க!

அடிக்குதா? எடுக்கறாளா? குடுங்க, குடுங்க இப்படி.

ஹலோ…

…

ஹலோ, நா… 

…

அய்யோ, "அக்கா, நீதானா?"ன்னு கேக்கறாம்மா. இந்தாங்க, புடிங்க. நீங்க பேசுங்க. எனக்கு வாயே வரல.