கையைப் பிடித்தது சிரிக்கவில்லை

மாலை நாலரை மணி. சீனாவின் ஷென்னோங்ஜியா மலைக் கணவாய். மூடுபனி... நீட்டிய கை தெரியாத பனி.

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் கூட்டாளி லியாங்கின் பெரியப்பாவுக்கு நடந்தது. பெயர் டான் ஷிகுய்.

அன்று அவர் தனியாக வந்துகொண்டிருந்தார். இரண்டு முன்கைகளிலும் மூங்கில் குழாய். எதற்கென்று தெரியுமல்லவா? உடம்பெல்லாம் மயிர் மூடிய காட்டு மனிதன் ஆளைக் கண்டால் கைகளைத்தான் பிடிப்பான். பிடித்த சந்தோஷத்தில் சிரிப்பான். சிரித்துச் சிரித்தே மயங்கி விழுவான். அப்போது குழாயிலிருந்து கையை உருவிக்கொண்டு ஓடிவிட வேண்டும்.

ஷிகுய்க்கு ஒரு தம்பி இருந்தான். ஷிலின். பிறந்தபோதே நெற்றி, காது, முதுகு எல்லாம் மயிர்.

"உங்கம்மா காட்டுக்கு விறகு பொறுக்கத்தான் போனாளாடா?" என்று ஊர் சிரித்தது.

அம்மா பத்து நாளைக்கு ஒரு முறை பூந்திக்காயை நுரைக்கவைத்து, அவனை முற்றத்தில் உட்காரவைத்துச் சிரைத்துவிடுவாள். அவள் செத்த பிறகு அவனே சிரைத்துக்கொண்டான்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் ஷிகுய் தம்பியைக் கூப்பிட்டார்.

"பொண்ணு வீட்டுக்காரங்க வர்றாங்க. நீ வராதடா."

"சுத்தமா சிரைச்சிட்டு வந்தா?"

"அப்பவும் முள்ளு முள்ளாத் தெரியும்."

"ஓரமா நிக்கிறேண்ணே..."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அம்மாவின் சிரைக்கும் கத்தியை எடுத்துக்கொண்டு ஷிலின் காட்டுக்குள் போனான். திரும்பவில்லை.

அடுத்த ஆண்டு பனி உருகியபோது ஒரு பள்ளத்தில் உடல் கிடந்தது. மயிர் அடர்ந்த உடல். காட்டு மனிதனைத் தேடி நகரத்துக் குழு ஒன்று ஊரில் தங்கியிருந்த நேரம் அது. ஊரே பள்ளத்தைச் சுற்றி நின்றது. ஷிகுயின் மாமனாரும் நின்றார்.

"இந்த ஆளை யாருக்காவது தெரியுமா?" என்று குழுத் தலைவர் கேட்டார்.

ஷிகுய் குனிந்து பார்த்தார். இடது கட்டைவிரலில் அரிவாள் தழும்பு. சின்ன வயதில் அவர் கை தவறி வெட்டியது.

"ஆளா? இது காட்டு மனுசன்தாங்க."

தலைவர் அவர் தோளைத் தட்டி ஒரு சிகரெட் கொடுத்தார். ஷிகுய் வாங்கிப் பற்றவைத்தார். உடலுக்கு உப்புப் போட்டு, பெட்டியில் வைத்து ஆணியடித்து, லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பதினோரு வருடம் கழித்து அந்த மாலை.

பனிக்குள் ஈர இலை நசுங்கியது. சத்... சத்... நின்றது. அவரும் நின்றார். இரண்டு குழாய்களையும் எதுவோ பிடித்தது. மூங்கில் கிறீச்சிட்டது.

அழுகல் வாடை வரும் என்பார்கள். வரவில்லை. பூந்திக்காய் நுரையின் வாசம் வந்தது.

சிரிப்புக்காகக் காத்திருந்தார். அதுவும் வரவில்லை. பிடி மட்டும் இருந்தது. வலிக்காத பிடி. முகத்தருகே இருந்த குழாயின் மேல் ஒரு கட்டைவிரல் தெரிந்தது. அதில் தழும்பு.

தம்பி என்ற ஒரு சொல் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து, கீழே பாதையில் பேச்சுச் சத்தம். மாமனார் ஊர்க்காரர்கள். ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

ஷிகுய் கைகளை உருவிக்கொண்டு ஓடினார்.

விடிந்ததும் மனைவி வாசலிலிருந்து குரல் கொடுத்தாள். "என்னங்க, உங்க குழாய யாரோ கொண்டாந்து வச்சிட்டுப் போயிருக்காங்க. வந்து பாருங்க... உள்ள என்னமோ அடைச்சிருக்கு."

இரண்டு குழாய்களும் படியில் நிமிர்த்தி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே விளிம்புவரை மயிர். அப்போதுதான் சிரைத்தது. நுரை இன்னும் அடங்கவில்லை.

ஷிகுய் பக்கத்தில் பார்த்தார். ஓரமாக, சுவரையொட்டி, இரண்டு ஈரக் கால்தடங்கள். வீட்டைப் பார்த்தபடி. வந்த தடம் தெரிந்தது... திரும்பிப் போன தடம் இல்லை.