மூன்றாம் சந்திப்பில் ஈரல் பேச்சு

— இல்லங்க நாஃப்தாலி, மொதல்ல கேளுங்க. கேட்டுட்டு எழுந்து போயிட்டாலும் கோவிச்சுக்க மாட்டேன்.

— எங்க போறது ஃப்ரேடல்? ப்ரூக்ளின்ல இந்த நேரத்துக்கு டாக்சி கிடைக்காது. சொல்லுங்க.

— வெளையாடாதீங்க. கல்யாணப் பேச்சுக்கு முன்னால, பரம்பரை நோய் இருக்கான்னு பாக்க ரெண்டு பேரும் ரத்தம் குடுத்தோமே...

— பொருத்தம்னுதானே வந்துச்சு?

— உங்க ரத்தத்துல இல்ல, அதனால பிள்ளைங்களுக்கு அந்த நோய் வராது. எனக்குப் பிறவியிலேயே இருக்கு. ஈரல் சக்கரையைப் பூட்டி வெச்சுக்கும், வெளிய விடாது. மூணு மணிக்கொரு தடவை பச்சைச் சோளமாவு கரைச்சுக் குடிக்கணும். இல்லன்னா மயக்கம். பழம், பால், தேன் எதையும் தொடக் கூடாது.

— ஊரே பட்டினி கெடக்கிற யோம் கிப்பூர் அன்னிக்குமா?

— அன்னிக்கும்தான். ஜெபக்கூடத்துப் படிக்கட்டுக்குக் கீழ ஒளிஞ்சு நின்னு மடமடன்னு குடிப்பேன்.

— அங்கதான் நான் ஒளிஞ்சு சாக்லேட் தின்னேன். எனக்கு நோயும் கிடையாது!

— ஐயோ, சிரிப்பு மூட்டாதீங்க, தைரியம் போயிடும். அப்புறம் ஈரல் முழுக்கக் கட்டி. புத்துநோய் இல்ல. ஆனா என்னிக்கு உடையும், என்னிக்குப் புத்தா மாறும்னு தெரியாதாம். ஈரலையே மாத்திட்டாங்க. போன பெசாக் பண்டிகைக்கு முன்னால. யாரோ ஒரு மகராசி, தன் ஈரல்ல பாதியை வெட்டிக் குடுத்தாங்க. பேரு சொல்ல வேணாம்னுட்டாங்க.

— இப்போ மாவு?

— மாவா! விடிய விடியத் தூங்கறேன். எனக்குப் பசிக்குதுங்க! பசி இவ்வளவு நல்லாருக்கும்னு தெரியாது. ஆனா வயித்துல பெரிய தழும்பு, ஆயுசுக்கும் மாத்திரை. சொல்லிட்டேன். இப்ப போங்க... ஏன் சிரிக்கிறீங்க?

— ஆஸ்பத்திரில நம்ம யூத ஆளுங்களுக்குன்னு தனியா சாப்பாடு வைக்கிற ரூம்ல, ப்ளம் பழம் தின்னுக்கிட்டே அழுதீங்களா?

— உங்களுக்கெப்படித் தெரியும்? பச்சை ஸ்கார்ஃப் கட்டின ஒரு அம்மாதான் கூட இருந்தாங்க. வயித்தைப் பிடிச்சுக்கிட்டு மெல்ல நடந்து வந்தாங்க. என்ன ஆபரேஷன், என்னிக்குன்னு கேட்டாங்க. சொன்னதும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு விடவே இல்ல.

— எங்கம்மா. உங்களைப் பேசி முடிக்கச் சொல்லி நேரா கல்யாணத் தரகர் வீட்டுக்குப் போனதும் அவங்கதான். நீங்களா சொல்ற வரைக்கும் வாயைத் திறக்காதேன்னு எனக்கு உத்தரவு.

— உங்கம்மாவா? அவங்களுக்கு என்ன ஆபரேஷன்?

— இன்னிக்குக் கெளம்பும்போது சொன்னாங்க: “அவ ஈரல் ஏற்கெனவே நம்ம வீட்டுதுடா. போயி மீதிப் பொண்ணையும் கூட்டிட்டு வா.”