தண்ணீர் மாற்றாத டம்ளர்

தாமரை விதையை அப்படியே தண்ணீரில் போட்டால் முளைக்காது, மேடம். ஓடு கல் மாதிரி. ஒரு முனையை உப்புத்தாளில் தேய்த்து, உள்ளே வெள்ளை தெரிந்ததும் நிறுத்திவிட வேண்டும். பிறகு டம்ளரில் ஊறவைத்து, தினமும் தண்ணீர் மாற்ற வேண்டும். அதில் சோம்பல் கூடாது.

மொட்டை மாடித் தாமரைத் தொட்டிக்குள் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு இறங்கி வந்திருக்கிறீர்கள். சுகாதாரத் துறைக்கு எத்தனை வேலை. உட்காருங்கள். இந்த அபார்ட்மெண்டே அந்தத் தொட்டியைத்தான் சந்தேகப்படுகிறது. பாவம், அதன்மேல் ஒரு குற்றமும் இல்லை. அதில் கப்பி மீன் விட்டிருக்கிறேன். கொசுப்புழுவைக் கண்டால் தலை தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை மாதிரி தின்னும்.

எதிர்வீட்டு ப்ரஹ்லாத்துக்கு அது புரியவில்லை. அசோசியேஷன் செக்ரட்டரி, வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை. கைக்குழந்தை இருக்கும் வீடு, நின்ற தண்ணீர் என்றாலே டெங்கு என்று பயம். நான் ஓசூருக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது தொட்டியில் மண்ணெண்ணெய் ஊற்றிவிட்டார். திரும்பி வந்து பார்த்தால் மீன்கள் வயிற்றைக் காட்டி மிதக்கின்றன. காசு அகலத்துக்கு விரிந்திருந்த முதல் இலை கருகிக் கிடக்கிறது. புதிதாக விதை தேய்க்க உட்கார்ந்தேன்.

இந்த முறை ஒரே ஒரு டம்ளருக்கு மட்டும் தண்ணீர் மாற்றவில்லை.

அந்த மழையில் எனக்கே டெங்கு வந்தது. கொசுவலைக்குள் படுக்கச் சொன்னார் டாக்டர். படுத்தேன். தனியாக இல்லை. டம்ளரிலிருந்து பறந்தவற்றையும் வலைக்குள் சேர்த்துக்கொண்டு, அவை பசியாறும்வரை கையை நீட்டி வைத்திருந்தேன். பிறகு துணி கட்டிய டப்பாவில் வைத்து, சர்க்கரைத் தண்ணீரில் நனைத்த பஞ்சு கொடுத்து வளர்த்தேன். என் மகனைக்கூட அப்படிக் கவனித்ததில்லை.

நான் தேறி எழுந்ததைக் கேள்விப்பட்டு ப்ரஹ்லாத் இளநீரோடு வந்தார். அரை டிராயர் போட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அல்லவா.

"பேஜார் பண்ணிக்காதீங்க அங்கிள், மனசுல வெச்சுக்காதீங்க. நான் செஞ்சது தப்புதான். செடிதானே, வேற வாங்கித் தரேன்."

"அட, அதை விடுப்பா. காபி ஆறுது பாரு."

நாற்காலிக்கு அடியில் டப்பாவைத் திறந்துவைத்துவிட்டு, சமையலறையில் எனக்கும் ஒரு காபி கலந்தேன். நிதானமாகத்தான் கலந்தேன். திரும்பி வந்தபோது அவர் முழங்காலைச் சொறிந்துகொண்டே மாடியில் மீன் விடலாம் என்று பேசிக்கொண்டிருந்தார். நல்ல யோசனைதான்.

ஆஸ்பத்திரியில் அவருக்கு ரத்தத் தட்டணு இறங்கிக்கொண்டே போனது. பப்பாளி இலைச் சாறு நானே பிழிந்து கொண்டுபோனேன். அவர் மனைவி வைஷ்ணவி, "உங்க மனசு யாருக்கு வரும் அங்கிள்" என்று கையெடுத்துக் கும்பிட்டாள். அடுத்த நாள் அவர் போய்விட்டார்.

கொன்றது கொசு, மேடம். அதன்மேல் எனக்கும் வருத்தம்தான். என் பங்கு ஒரு டம்ளருக்குத் தண்ணீர் மாற்றாமல் விட்டது. இந்த வயதில் யாருக்கும் வரும் மறதி. அதற்காகத் தொட்டியைக் கவிழ்க்கச் சொல்லி எழுதுகிறீர்களே, அதுதான் நியாயமாகப் படவில்லை. இப்போதுதான் இரண்டாவது இலை விட்டிருக்கிறது.

அவர் உட்கார்ந்திருந்ததும் இதே நாற்காலிதான். நீங்களாவது முழுக்கைச் சட்டை போட்டு வந்திருக்கலாம். இருங்கள், காபி கலந்துகொண்டு வருகிறேன்.